தொன்காவின் கைபேசி

"கடவுச்சொல் செவ்வாய்க்கிழமை மாற்றப்பட்டது." திரையில் வந்த அந்த வரியைப் பிளாமென் இரண்டு தடவை வாசித்துக் காட்டினான். முதல் தடவை சாதாரணமாக. இரண்டாம் தடவை நிறுத்தி நிறுத்தி, செவிடனுக்குச் சொல்வதுபோல. ஸ்தோயிலுக்கு இடது காது கேட்காது, உண்மைதான். சுரங்கத்தில் வெடி வைத்த வருஷங்களில் போன காது அது. ஆனால் வலது காது நன்றாகவே கேட்கும்.

"எந்தச் செவ்வாய்?"

"இந்த வாரச் செவ்வாய்தான் பெரியவரே. முந்தாநாளுக்கு முந்தின நாள்."

"பொய்."

"மெஷின் எதுக்குப் பொய் சொல்லப் போகுது?"

"சொல்லும். மனுஷன் செஞ்சதுதானே."

பிளாமென் சிரித்தான். பஸ் நிலையத்துப் படிக்கட்டுக்கு அடியில் ஒரு பொந்து மாதிரி அவன் கடை. ஈயம் உருகிய வாசனையும், ஈரக் கம்பளிக் கோட்டின் வாசனையும், நேற்றுக் குடித்த காப்பியின் வாசனையும் அதற்குள் அடைந்து கிடந்தன. சுவர் முழுக்க வயிறு திறந்த கணினிகள். நாற்பது வயதுக்காரன், நல்ல பையன் என்றுதான் ஊரில் சொன்னார்கள். ஊர் சொல்வதை ஸ்தோயில் எப்போதும் பாதியாகத்தான் எடுத்துக்கொள்வார். அதனால் அவன் விரல்கள் எங்கே போகின்றன என்று கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தொமாத்தி, தக்காளிதான், அப்புறம் என் பொண்டாட்டி பொறந்த வருஷம். அதான் பாஸ்வேர்டு. ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லித்தான் அடிப்பா. பக்கத்து வீட்டுப் பூனைக்குக்கூடத் தெரியும்."

"அது பழசு. செவ்வாய்க்கிழமை யாரோ புதுசு போட்டிருக்காங்க. வீட்டுல வேற யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. நான்தான்."

"அப்ப நீங்கதான் போட்டிருப்பீங்க."

அந்த மடிக்கணினியை, மனைவி தொன்கா இறந்துபோன நாளிலிருந்து இன்று காலை வரைக்கும் ஸ்தோயில் தொடவில்லை. சமையலறை அலமாரி மேல், அவள் பின்னிய வெள்ளைத் துணியை மூடிக்கொண்டு கிடந்தது. குளிர்காலத்துக்குக் குடமிளகாய் சுட்டு வைக்கும் செப்டம்பர் மாதத்தில் அவள் போனாள். பால்கனியில் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தவாக்கில், கையில் பாதி தோலுரித்த சிவப்பு மிளகாயோடு. நாளைக்கு நாற்பதாம் நாள். கல்லறைகளுக்குப் படையல் கொண்டுபோகும் இறந்தவர்களின் சனிக்கிழமையும் நாளைக்கேதான். நாளைக்குள் மகனுக்குச் சொல்லியாக வேண்டும்.

அதற்குத்தான் வந்திருந்தார். மகன் கலோயன் ஹாலந்தில் இருக்கிறான். எந்த ஊர், எந்தத் தெரு, எந்த நம்பர், எதுவும் ஸ்தோயிலுக்குத் தெரியாது. அவனோடு பேச்சு நின்று பல வருஷம். அவன் பேசினதெல்லாம் அம்மாவிடம், இந்தப் பெட்டி வழியாக. அவன் இருக்கும் இடத்துக்கு வேறு வழியே இல்லை. அவனாகக் கூப்பிடுவான், அம்மா எடுக்கவில்லையே என்று பதறுவான், யாரையாவது விசாரிப்பான் என்று ஸ்தோயில் காத்திருந்தார். அவன் பதறவில்லை. ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. 'கல் நெஞ்சுக்காரன்' என்று முதல் வாரம் திட்டினார். 'என் பிள்ளைதானே' என்று அடுத்த வாரம் நினைத்தார். பெற்றவள் செத்தது தெரியாமல் ஒருவன் எங்கோ சிரித்துக்கொண்டு சாப்பிடுகிறான் என்ற நினைப்பு, அதற்கப்புறம் சோற்றைத் தொண்டையில் இறங்க விடவில்லை.

"பாஸ்வேர்டு இந்தப் பொட்டிக்குள்ள இல்ல பெரியவரே. எங்கயோ தூரத்துல இருக்கு. நான் உடைக்க முடியாது. 'வேறு வழி'ன்னு ஒண்ணு இருக்கு பாருங்க. அத அமுக்கினா, இங்க ஒரு நம்பர் வரும். அந்தம்மா ஃபோன்ல 'இது நீங்கள்தானா?'ன்னு கேக்கும். அங்க அதே நம்பரத் தட்டணும்."

"அது தெரியும். அந்த வேலை என்னோடது."

"அப்புறம் என்ன? ஃபோன் எங்க?"

"அவகிட்ட."

"அவங்களையே வரச் சொல்லுங்களேன்."

ஸ்தோயில் கண்ணாடிக்கு வெளியே கையைக் காட்டினார். மூடுபனிக்கு அப்பால், பழைய நிலக்கரி மேட்டுக்குப் பின்னால், குன்றின் சரிவில் சிலுவைகள் வரிசையாக நின்றன. பிளாமென் பார்த்தான். கொஞ்ச நேரம் திருப்புளியை மேஜையில் உருட்டினான்.

"கூடவே வெச்சிட்டீங்களா?"

"குளிப்பாட்ட வந்த பொம்பளைங்க கேட்டாங்க. கைய விட்டுக் கீழ வைக்காதது எது, அதக் கூட வெச்சிடுங்கன்னு. நான்தான் கையில குடுத்தேன்."

"எல்லாரும் வெக்கிறதுதான். எங்க மாமாவுக்கு டி.வி. ரிமோட்ட வெச்சாங்க. அத்தை இன்னைக்கும் எந்திரிச்சுப் போய்த்தான் சேனல் மாத்துறா." அவன் சிரிக்கப் பார்த்தான். "சார்ஜரும் வெச்சீங்களா?"

"வெச்சேன்."

"எங்க சொருகுவாங்க பெரியவரே?"

ஸ்தோயிலுக்கு அந்தக் கேள்வி அன்றைக்குத் தோன்றவில்லை. ரெண்டும் எப்போதும் ஒன்றாகவே இருக்கும். அதனால் கம்பியைச் சுருட்டி அவள் விரல்களுக்கு நடுவே வைத்தார். விரல்கள் குளிர்ந்து, தோலில் இன்னும் சுட்ட மிளகாயின் வாசனை இருந்தது.

"அந்த வழி வேண்டாம்" என்றான் பிளாமென். "ரெண்டு நாள்ல பேட்டரி செத்திருக்கும். வீட்டுல வெச்சு வேற ஏதாவது பாஸ்வேர்டு போட்டுப் பாருங்க. பேரு, ஊரு, நாய்க்குட்டி. பொம்பளைங்க பெரும்பாலும் பிள்ளைங்க பேரத்தான் போடுவாங்க." கூலி வேண்டாமென்று கையை ஆட்டினான். ஸ்தோயிலுக்கு அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது.

சுரங்கத்தில் இதெல்லாம் சுலபம் என்று நினைத்தபடி நடந்தார். இறங்குபவனுக்கு ஒரு பித்தளைத் தகடு. விளக்கு அறையில் தகட்டை ஆணியில் மாட்டிவிட்டு விளக்கை வாங்கிக்கொள்வான். ஏறி வந்ததும் விளக்கைக் கொடுத்துவிட்டுத் தகட்டை எடுத்துக்கொள்வான். ஆணியில் தகடு தொங்கினால் ஆள் கீழே இருக்கிறான். அவ்வளவுதான். அவர் தகடு இருபத்தாறு. கடவுச்சொல்லும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்.

மாடிப்படிக் கதவில் தொன்காவின் மரண அறிவிப்பு ஒட்டியிருந்தது. நாற்பதாம் நாளுக்கென்று நேற்றுத்தான் அவரே ஒட்டியது. பனி ஈரத்தில் தாள் உப்பி, படத்தில் அவள் கன்னம் வீங்கினதுபோல இருந்தது. விரலால் அழுத்தி நீவிவிட்டார். மறுபடியும் உப்பியது.

நான்காம் மாடியில், பக்கத்து வீட்டு ஸ்லாவ்கா கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றாள். படியேறும் சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவாள்.

"என்ன ஸ்தோயில், பையில முட்டைக்கோஸா?"

"கம்ப்யூட்டர்."

"அத எந்தப் பீப்பாய்ல ஊறப்போடப் போற?"

"உன் வாயில."

"படையலுக்குக் கோதுமை வேக வெச்சிட்டேன். காலையில குன்றுக்குக் கொண்டு போயிடலாம். மேல சர்க்கரைய நானே தூவிக்கிறேன். நீ தூவினா சிமென்ட் பூசின மாதிரி இருக்கும்." அவள் குரலைத் தணித்தாள். "அப்புறம், அந்தச் சேவல ஒரு தடவ எடுத்துப் பேசித் தொலையேன்."

"எந்தச் சேவல்?"

"தொன்கா ஃபோன்ல கூவுமே, அது. தெனம் சாயங்காலம், செய்தி போடுற நேரத்துல. சுவத்துக்கு அந்தப் பக்கம், சரியா என் தலைமாட்டுல. நீயும் டி.வி.ய அலற விட்டுட்டு உக்காந்திருக்க. பாவம் அந்தப் பையன், எவ்வளவு நேரந்தான் கூப்பிடுவான்?"

"அவ ஃபோன் அவகூடப் போயிடுச்சு. சவப்பெட்டிய மூடும்போது நீயும்தானே பக்கத்துல நின்ன."

ஸ்லாவ்காவின் வாய் திறந்தபடி நின்றது. அவள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"அப்ப டி.வி.யா இருக்கும்."

"டி.வி.யாத்தான் இருக்கும்."

ஸ்தோயில் உள்ளே போய் மூன்று பூட்டையும் ஒவ்வொன்றாகப் போட்டார். இந்த மாடியிலேயே மூன்று பூட்டு போட்ட கதவு அவருடையது ஒன்றுதான்.

வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. விளக்கைப் போடாமல் சமையலறையில் கொஞ்ச நேரம் கோட்டோடு உட்கார்ந்தார். கரியடுப்பில் தணல் சரிந்து 'சக்' என்றது. பால்கனியில், குளிர்காலத்துக்கு ஊறப்போட்ட முட்டைக்கோஸ் பீப்பாய் புளித்துக்கொண்டு, நினைத்து நினைத்து ஒரு குமிழை விட்டது, தூங்குகிறவனின் தொண்டையில் வரும் சத்தம்போல. அந்தப் புளிப்பு வாசனைக்கும் கரிப்புகை வாசனைக்கும் அடியில் இன்னொன்று இருந்தது. அறுபது அடி ஆழத்துக்குக் கூண்டில் இறங்கும்போது முகத்தில் வந்து அடிக்குமே, அந்த ஈரக் களிமண் வாசனை. அது இந்த வீட்டுக்குள் வர வேலையில்லை. தன் கோட்டில் பழைய நாட்களிலிருந்து ஒட்டியிருக்கும் என்று சொல்லிக்கொண்டார். கோட்டைக் கழற்றி மாட்டினார். வாசனை போகவில்லை.

படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. அவள் போனதிலிருந்து அங்கே படுப்பதில்லை. சமையலறை சோபாவிலேயே முடக்கிக்கொள்வார்.

மடிக்கணினியைத் திறந்தார். திரை வெளிச்சத்தில் அவர் கைகள் நீலமாகத் தெரிந்தன. ஒற்றை விரலால் மகன் பெயரைத் தட்டினார். தவறு. மகன் பெயரும் பிறந்த வருஷமும். தவறு. அவள் பிறந்த கிராமம். தவறு. தன் பெயரைத் தட்டும்போது கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அதுவும் தவறு. ஒவ்வொரு தடவையும் அந்தப் பெட்டி ஒன்றையே கேட்டது: நீ யார்? கேட்டுக் கேட்டு அவமானப்படுத்தியது. எவனையும் நம்பாமல் வாழ்ந்த மனிதனைப் பார்த்து ஒரு பெட்டி 'உன்னை நம்பமாட்டேன்' என்கிறது.

நம்பாமல் வாழ்ந்ததால்தான் மகன் போனான். தொன்காவின் அம்மா வழியில் வந்த வெள்ளி இடுப்புப்பட்டைக் கொக்கி ஒரு நாள் நகைப்பெட்டியில் இல்லை. வீட்டுக்கு வந்து போனது மருமகள் ஒருத்திதான். அவள் கைப்பையைத் தலைகீழாக மேஜையில் கொட்டி ஸ்தோயில் தேடினார். சீப்பு, மாத்திரை, குழந்தையின் ஒற்றைக் காலுறை. கொக்கி இல்லை. கலோயன் கத்தவில்லை. "நீ மூச்சு விடுற வரைக்கும் இந்த வாசப்படிய மிதிக்கமாட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு மனைவியைக் கூட்டிக்கொண்டு இறங்கிப் போனான். ரெண்டு குளிர்காலம் கழித்து, பழைய சுரங்க பூட்ஸைத் தூக்கிப் போட எடுத்தபோது உள்ளே கனத்தது. திருடனுக்குப் பயந்து அவரே ஒளித்துவைத்து மறந்துபோன கொக்கி. அவர் அதை மறுபடியும் அதே பூட்ஸில் போட்டு, மேலே ஒரு காலுறையைத் திணித்தார். யாரிடமும் சொல்லவில்லை. தொன்காவிடமும்.

'வேறு வழி' என்பதை அமுக்கினார்.

திரை வெளுத்தது. நடுவில் பெரிய எண் ஒன்று வந்தது. ஐம்பத்தெட்டு. 'உங்கள் கைபேசியைப் பாருங்கள்' என்றது.

பார்க்க எங்கே போவது? அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். இந்த ஒரு வேலைதான் அவருக்குக் கணினியில் தெரியும். கைபேசி எப்போதும் படுக்கையறையில், கட்டிலுக்குப் பக்கத்தில் சார்ஜில் கிடக்கும். தொன்கா இங்கே, இதே நாற்காலியில் உட்கார்ந்து எண்ணைக் கத்துவாள். அவர் அங்கே கட்டிலில் கிடந்தபடி, "என்ன நம்பர்? சத்தமாச் சொல்லு!" என்பார். "நாப்பத்தொண்ணு, செவிட்டு மனுஷா!" என்பாள். அவர் தட்டுவார். அவளுக்குத் திறக்கும். வருஷக்கணக்கில் இந்த வீட்டில் அவர்கள் கத்திப் பேசிக்கொண்டது பெரும்பாலும் எண்கள்தான்.

சொல் தானாக வாயில் வந்தது.

"ஐம்பத்தெட்டு" என்றார். இருட்டில் தன் குரல் தனக்கே அசிங்கமாக இருந்தது. கொஞ்சம் உரக்க, "ஐம்பத்தெட்டு, தொன்கா."

பீப்பாய் ஒரு குமிழை விட்டது.

திரை திறந்தது.

ஸ்தோயில் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். ஓட நினைத்தார். ஆனால் திரையில் மகனின் முகம் இருந்தது. சின்ன வட்டத்துக்குள், காதோரம் நரைத்து, கண்ணாடி போட்டு. எப்போது நரைத்தான்? எப்போது கண்ணாடி போட்டான்? அவர் நாற்காலியை மறுபடி இழுத்துப் போட்டுக்கொண்டு, தொன்காவின் பூதக்கண்ணாடியை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

வட்டத்துக்குக் கீழே பேச்சு. இடதுபக்கம் மகன். வலதுபக்கம் அம்மா. ஒவ்வொன்றுக்கும் தேதி இருந்தது. செப்டம்பர் கடைசி. அக்டோபர். அக்டோபர். நவம்பர்.

அவளைப் புதைத்த பிறகு.

"ஏம்மா வீடியோ போடமாட்டேங்குற?"

"இங்க வெளிச்சம் இல்லப்பா. கண்ணும் கூசுது."

"குளிரா இருக்கா? அடுப்புக் கரி வாங்கிட்டாரா?"

"கொஞ்சம் குளிர்தான். பழகிடுச்சு."

"குரல் தூரமா கேக்குதும்மா நீ பேசினா. மண்ணு விழுற மாதிரி ஒரு சத்தம்."

"மழை."

ஸ்தோயில் வாசித்தார். பூதக்கண்ணாடியை ஒவ்வொரு வரியாகக் கீழே நகர்த்தினார். தினமும் சாயங்காலம். செய்தி போடுகிற நேரத்துக்கு. அவர் இங்கே டி.வி.யை அலறவிட்டுக்கொண்டு, மகனைக் கல்நெஞ்சன் என்று திட்டிக்கொண்டிருந்த ஒவ்வொரு சாயங்காலமும். இன்றைக்கு என்ன சமைத்தாய் என்று அவன் கேட்டிருக்கிறான். பீன்ஸ் என்று அவள் சொல்லியிருக்கிறாள். பேத்திக்குப் பல் விழுந்ததைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறான். அவருக்கு ஒரு பேத்தி இருந்தாள். முன்பல் இல்லாமல் சிரித்தாள்.

பிறகு, செவ்வாய்க்கிழமை.

"கலோயன், உங்கப்பா போயிட்டார்."

அப்புறம் அவன்:

"எப்படி?"

"தூக்கத்துல. கஷ்டப்படல. இப்ப நீ வரலாம்பா. இப்ப வாசப்படிய மிதிக்கலாம்."

"கடைசியா ஏதாவது சொன்னாரா?"

"சொன்னார். கொக்கி அவரோட பழைய பூட்ஸுக்குள்ளயே இருந்துச்சாம். அவரே வெச்சு மறந்துட்டாராம். உன் பொண்டாட்டிகிட்ட மன்னிப்புக் கேக்கச் சொன்னார். வெக்கப்பட்டுத்தான் இத்தனை வருஷம் சொல்லலையாம்."

ஸ்தோயிலின் கையிலிருந்து கண்ணாடி நழுவி மேஜையில் விழுந்தது. யாருக்கும் தெரியாது. இந்த உலகத்தில் ஒரு ஜீவனுக்கும் தெரியாது. அவர் முகத்தைக் கைகளில் பொத்திக்கொண்டார். பயந்துதான் பொத்தினார். ஆனால் வந்தது அழுகை. தான் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை. செத்தவள் வந்து சொல்லியிருக்கிறாள், அவருக்காக.

அடுத்த வரிக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. மூக்கைத் திரையில் ஒட்டிக்கொண்டு வாசித்தார்.

"ரொம்ப நேரம் அழுதேம்மா. அவரைத் திட்டிட்டே இருந்துட்டேன். நாங்க எல்லாரும் வர்றோம். சனிக்கிழமை காலையில அங்க இருப்போம். அவர் கல்லறைக்கு முதல்ல கூட்டிட்டுப் போ."

வருகிறான். மனைவியோடு, பல் விழுந்த குழந்தையோடு. நாளைக்குக் காலையில்.

உயிரோடு இருக்கும் அப்பன் கதவைத் திறந்தால்? மூச்சு விட்டுக்கொண்டு நின்றால்? அவன் முகம் என்ன ஆகும் என்று ஸ்தோயிலுக்குத் தெரியும். ஒரு தடவை பார்த்த முகம்தான். இருந்தாலும் விரல் போய் எழுத்துகளைத் தேடியது. சொல்லிவிட வேண்டும். அம்மா செத்துவிட்டாள். நான்தான் இருக்கிறேன். கொக்கி உண்மை. மன்னிப்பும் உண்மை. 'மகனே' என்று தட்டினார். 'நான்' என்று தட்டினார்.

எழுத்து அழிந்தது. அவர் அழிக்கவில்லை.

'நான்' என்று மறுபடி தட்டினார். அழிந்தது.

வலதுபக்கம், அவள் பக்கத்தில், மூன்று புள்ளிகள் ஆடின. யாரோ எழுதுகிறார்கள். யாரோ எழுதி அனுப்பினார்கள்.

"கதவு திறந்திருக்கும்பா. பூட்டெல்லாம் எடுத்துடுவோம். அப்பா பக்கத்துலயே இருக்கார்."

திரை வெளுத்தது. 'கடவுச்சொல் இப்போதுதான் மாற்றப்பட்டது.' வேறு எதையும் அவர் அமுக்கவில்லை. எண் தானாக வந்தது. அவருடைய தகட்டு எண்.

இருபத்தாறு.

படுக்கையறையில் சேவல் கூவியது. ஒரு தடவை. பாதியில் நின்றது. கட்டில் கம்பி முனகியது, பாரம் புரண்டு படுத்ததுபோல. பிறகு குரல். அவள் குரல். அடித்தொண்டையில் மண்ணோடு. ஆனால் அவர் வழக்கமாகக் கேட்கும் அதே கேள்வி, அதே இழுப்பு.

"என்ன நம்பர்?"

அவர் வாயைக் கையால் மூடிக்கொண்டார்.

"என்ன நம்பர், ஸ்தோயில்? சத்தமாச் சொல்லு."

சொல்லவில்லை. தணல் அணைந்தது. பீப்பாய் அடங்கியது. சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்லாவ்காவின் டி.வி.யில் செய்தி ஓடி முடிந்தது. உள்ளே இருந்தது மறுபடி கேட்கவில்லை. காத்திருந்தது. அவள் எப்போதுமே அவருக்காகக் காத்திருந்தவள்தான். சுரங்கத்து ஷிப்டு முடியும் வரைக்கும், குடித்துவிட்டுத் திரும்பும் வரைக்கும், மனசு மாறும் வரைக்கும்.

ஸ்தோயில் எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் நடைக்குப் போனார். பூட்ஸைத் தலைகீழாகக் கவிழ்த்தார். காலுறை விழுந்தது, கொக்கி விழுந்தது. கறுத்துப் போயிருந்தது. சட்டைக் கையால் தேய்த்தார், பூவேலை தெரியும் வரைக்கும். கொண்டுவந்து கணினி மேல், எழுத்துகளுக்கு நடுவில் வைத்தார். அவன் வந்தால் முதலில் கண்ணில் படும் இடம்.

திரும்பவும் வாசலுக்குப் போனார். முதல் பூட்டை எடுத்தார். இரண்டாவது. மூன்றாவது துருப்பிடித்து அடம் பிடித்தது. அதையும் எடுத்தார். கதவை ஒரு விரற்கடை திறந்து வைத்தார். படிக்கட்டிலிருந்து பனி உள்ளே வந்தது. அந்தப் பக்கம் ஸ்லாவ்காவின் வீட்டில் வெந்த கோதுமை வாசனை.

செருப்பைக் கழற்றி, சுவரோரம் ஒழுங்காக வைத்தார்.

"இருபத்தாறு" என்றார்.

"சத்தமா."

"இருபத்தாறு, தொன்கா."

திரை அணைந்தது. படுக்கையறைக் கதவுக்கு அடியில் ஒரு நீல ஒளிக்கீற்று விழுந்தது.

அவர் கதவைத் தள்ளினார்.

கட்டில். அவள் பக்கம் போர்வை மேடாக இருந்தது. மேட்டுக்குள்ளிருந்து வெளிச்சம் கசிந்தது, சரிந்த கரிக்கு அடியில் ஒருவனின் விளக்கு எரிவதுபோல. விரிப்பு முழுக்க மஞ்சள் களிமண். அவர் பக்கத்துத் தலையணையில் பள்ளம் விழுந்திருந்தது, தயாராக. குளிர்கால இரவுகளில் அவர் ஷிப்டு முடிந்து வரும்போது அவள் செய்வதுபோலவே, ஒரு கை அவர் பக்கத்துப் போர்வையைத் தூக்கிப் பிடித்திருந்தது. உள்ளே வா என்று. நகங்களுக்கு அடியில் மண். விரல்களுக்கு நடுவே, அவர் சுருட்டி வைத்த அந்தக் கம்பி தரையை நோக்கித் தொங்கிக்கொண்டிருந்தது, எதிலும் சொருகாமல்.